பத்து மதிப்பெண்ணில் அடங்கும் காளை

‘பிச்சியின் பாத்திரப் படைப்பை விளக்குக.’

தமிழ் இலக்கியம் படிக்கும் கல்லூரி மாணவருக்கு இப்படி ஒரு வரியைக் கண்டதும் கை தானாக ஓடத் தொடங்கிவிடும். முன்னுரை நாலு வரி. அதில் ஆசிரியர் சி.சு. செல்லப்பா வத்தலகுண்டில் வளர்ந்தவர், ‘எழுத்து’ பத்திரிகையை நடத்தியவர் என்று ஒரு குறிப்பு. பிறகு உள்தலைப்புகள்: தந்தைப் பாசம், அஞ்சாமை, நிதானம், மாட்டின் குணம் அறியும் திறம். ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கடைசியில் ‘இவ்வாறாக’ என்று தொடங்கும் முடிவுரை மூன்று வரி. மூன்று பக்கம், பத்து மதிப்பெண், அடுத்த கேள்வி.

‘வாடிவாசல்’ 1959-இல் நூலாக வந்த குறுநாவல். நூறு பக்கத்தைச் சுற்றி நிற்கும் சின்னப் புத்தகம். கதை ஒரே பிற்பகலில் முடிந்துவிடுகிறது. பெரியபட்டியில் செல்லாயி அம்மன் திருவிழா ஜல்லிக்கட்டு. உசிலனூரிலிருந்து பிச்சியும் அவன் மச்சான் மருதனும் வந்து வாடிவாசல் ஓரம் நிற்கிறார்கள். ஜமீன்தாரின் காளை காரிக்காகத்தான் பிச்சி வந்திருக்கிறான். அவன் அப்பன் அம்புலி, பேர்போன மாடுபிடிகாரன். காரியின் கொம்பில் விழுந்தவன். பக்கத்தில் நிற்கும் ஒரு கிழவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். வேறு காளைகளை அணைந்து பிச்சி தன்னைக் காட்டிக்கொள்கிறான். காரி வருகிறது. பிச்சி காயம்பட்டு ஜெயிக்கிறான். அதோடு கதை முடியவில்லை. தோற்ற காளையை ஜமீன்தார் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறார்.

இந்தத் துப்பாக்கிதான் விடைத்தாளுக்குள் வர மறுக்கிறது. ‘தமிழர் வீரம்’, ‘பழிக்குப் பழி’, ‘மண்ணின் மணம்’ என்று வழக்கமான உள்தலைப்புகள் எதன் கீழும் அது அடங்காது. அடங்காததைத் தேர்வு எழுதுகிறவர் விட்டுவிடுகிறார். ஒரு குறுநாவலில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விடலாம் என்பதை மாணவர் தனியாக உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகத் திரண்டு வந்த ஒரு விடை வடிவம் அதைத் தீர்மானித்து வைத்திருக்கிறது. அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பாதிக் கதை மதுரைக்குள்ளேயே கிடைக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள், ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. பல்கலைக்கழகம் வந்ததும் தமிழ் இலக்கியம் ‘பகுதி’ ஆயிற்று. முழுக் காவியம் வேண்டாம், தேர்வுக்கு வைத்த ஒரு பகுதி போதும். சீவக சிந்தாமணியின் முதல் இலம்பகத்தை மட்டும் ஹென்றி பவர் என்ற பாதிரியார் 1868-இல் உரையுடன் அச்சிட்டார். உ.வே. சாமிநாதையரின் முழுப் பதிப்பு வர 1887 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவியத்தை முந்திக்கொண்டு அதன் பாடப்பகுதி அச்சேறிவிட்டது. இன்று நூலை முந்திக்கொண்டு ‘நோட்ஸ்’ கைக்கு வருவதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை.

மதுரைப் பக்கம் கல்லூரிப் படிப்பு வேர்விட்டது அவனியாபுரத்துக்குச் சற்று மேற்கே, பசுமலையில். திருமங்கலத்தில் 1842-இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய பள்ளி 1845-இல் பசுமலைக்கு வந்தது, 1881-இல் கல்லூரியானது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகருக்குள் இடம்பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. 1889-இல் மதுரைக் கல்லூரி. செல்லப்பா படித்தது இந்த இரண்டாவது கல்லூரியில். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சங்கம் தன் பங்குக்குப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படித் தேர்வுகளை நடத்தியது. இலக்கணமும் செய்யுளும் உரையும் கரைத்துக் குடித்தவர்களுக்கான தேர்வுகள் அவை. கதைப் புத்தகத்துக்கு அங்கே வேலையில்லை. தமிழாசிரியர் பதவிக்கு இந்தப் பட்டம் கைகொடுத்தது. அப்படி வந்தவர்கள்தான் பின்னாளில் வகுப்பில் நாவலையும் நடத்த வேண்டியவர்கள் ஆனார்கள். தெரிந்த முறையில்தான் நடத்துவார்கள்: முதலில் பொருள் சொல்லு, பிறகு நயம் சொல்லு, பிறகு நீதி சொல்லு.

அதே முறையைச் சந்தைக்குக் கொண்டுபோனது திருச்சி. புனித வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் 1940-களில் வெளியிடத் தொடங்கிய ‘கோனார் தமிழ் உரை’, பள்ளிப் பையில் பாடநூலுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளிஃப்டன் ஹில்லிகாஸ் என்பவர் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பதினாறுக்குக் குறிப்பு போட்டு ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’ தொடங்கியது 1958-இல். உலகம் முழுக்கப் பேர்பெற்ற அந்த மஞ்சள்-கறுப்பு அட்டையைவிடக் கோனார் மூத்தவர். இதை மதுரைக்காரர்கூடத் திருச்சிக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

கோனார் உரையைக் கேலி பேசுவது எளிது. செய்யுளுக்கு அது செய்த வேலை உண்மையான வேலை. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு நச்சினார்க்கினியரின் உரை எட்டாது, கோனார் எட்டினார். சிக்கல், அதே சட்டகத்தைத் துணைப்பாடத்தின் மேல் கவிழ்த்தபோதுதான் வந்தது. செய்யுளுக்குப் பொருள் சொன்ன இடத்தில் கதைச் சுருக்கம் உட்கார்ந்தது. அணி சொன்ன இடத்தில் பாத்திரப் படைப்பு உட்கார்ந்தது. வினா விடை இருந்த இடத்திலேயே இருந்தது.

துணைப்பாடத்தை மாணவர் வாயில் ‘நான்-டீடெய்ல்’ என்பார்கள். வரி வரியாக நடத்த வேண்டாம், வீட்டில் படித்துக்கொண்டு வந்தால் போதும் என்ற ஆங்கிலப் பாடமுறை அது. நாவல் தமிழ் வகுப்புக்குள் நுழைந்த பக்கவாசல் இதுதான். மு. வரதராசனின் நாவல்கள் அந்த வழியில் வெகுதூரம் போயின. நடை சுத்தம், விரசம் கிடையாது, எடுத்து எழுத ஏற்ற வாசகங்கள் பக்கத்துக்குப் பக்கம். ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதை எழுதியவரே 1971 முதல் 1974 வரை மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மு.வ. நாவலுக்குப் பாத்திரப் படைப்பு எழுதுவது கஷ்டமில்லை. அவர் பாத்திரங்களே தங்களைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடும். அந்தப் பழக்கத்தோடு ‘வாடிவாசல்’ பக்கம் வந்தால் சறுக்கும். பிச்சி தன்னைப் பற்றி வாய் திறக்காதவன். அவனைப் பற்றித் தெரிய வேண்டியதையெல்லாம் கிழவனின் பேச்சிலும், பிச்சி எந்தக் காளையை விடுகிறான், எதைப் பிடிக்கிறான் என்பதிலும்தான் பொறுக்க வேண்டும்.

குறுநாவலுக்குத் தேர்வுப் பாடமாகும் யோகம் வந்ததற்கு இலக்கியக் காரணத்தைவிடப் பக்கக் கணக்கு பெரிய காரணம். பருவத்துக்கு நாலு சொச்சம் தாள். ஒரு தாளில் ஐந்து அலகு. ஒரு அலகுக்குள் ஒரு நாவலை முடிக்க வேண்டும். ஐந்நூறு பக்க நாவல் அதில் அடங்குமா? எழுதுகிறவர்கள் பக்கமும் சரக்கு இருந்தது. 1960-களில் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய நெடிய கதைகளும், ‘யாருக்காக அழுதான்’ மாதிரிக் குறுநாவல்களும் மதுரை மீனாட்சி புத்தக நிலையத்தின் வழியாக நூல்களாகக் குவிந்தன. 1969-இல் வந்த ‘ராணி முத்து’ மாதம் ஒரு நாவலைக் கடைத்தெருவுக்கே கொண்டுவந்தது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ என்று ஒரே இரவில் படித்து முடிக்கக்கூடிய நல்ல புத்தகங்கள் ஒரு வரிசையே உண்டு. வெளியுலகிலும் இதே கதைதான். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ 1952-இல் ‘லைஃப்’ பத்திரிகையின் ஒரே இதழில் முழுதாக அச்சாகி இரண்டு நாளில் ஐம்பது லட்சம் பிரதி விற்றது. மெலிந்த உடம்போடு உலகமெங்கும் வகுப்பறைகளுக்குள் புகுந்தது. அந்தக் கிழவனோடு பிச்சியை ஒப்பிட்டு எழுதச் சொல்வது எம்.ஏ. வகுப்பில் எவருக்கும் தோன்றக்கூடிய பழகிய கேள்வி. ஒப்பிடுகிறவர்கள் மீனுக்கும் காளைக்கும் நடுவே ஓர் ஆளை மறந்துவிடுகிறார்கள். கடலில் ஜமீன்தார் கிடையாது.

செல்லப்பாவுக்கும் கல்லூரிகளுக்கும் இருந்த உறவு விசித்திரமானது. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய ‘எழுத்து’ 119 இதழ்கள் வந்து 1970-இல் நின்றது. படைப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் விமர்சனத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மல்லுக்கட்டியவர் அவர். தாமே பதிப்பித்த புத்தகங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கல்லூரிப் படியேறி, தமிழ்த்துறைகளில் விரித்துக் காட்டி விற்றார். வாங்கியவர்கள் உண்டு, முகம் கொடுக்காதவர்கள் நிறைய. புதுக்கவிதையும் சிறுகதையும் இலக்கியமா என்ற ஐயம் அப்போது துறைகளில் இன்னும் நீங்கவில்லை. 1998-இல் அவர் காலமானார். 2001-இல் ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. இன்று கல்லூரிகள் பலவற்றில் ‘வாடிவாசல்’ பாடம். மூட்டை தூக்கியவர் ‘ஆசிரியர் குறிப்பு – இரண்டு மதிப்பெண்’ என்று ஆகிவிட்டார். அவர் கேட்ட அந்த வரி வரியான வாசிப்பைத் தேர்வு இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

தேர்வுத் தொழிலின் இன்னொரு ஓரத்தில் ஜி. நாகராஜன் நிற்கிறார். 1929-இல் பிறந்து 1981-இல் இறந்த இந்த மதுரைக்காரர் கணிதம் படித்தவர். கல்லூரி வேலைகள் நிலைக்காமல் போன பிறகு டுட்டோரியல்களில் பாடம் நடத்திப் பிழைத்தார். மதுரையில் டுட்டோரியல் என்பது அந்நாளில் ஒரு தனி உலகம். பள்ளியிறுதியில் கோட்டை விட்டவர்களைச் செப்டம்பர் தேர்வுக்குள் கரையேற்றும் இடம். பகலில் தேர்ச்சிக்கு வழி காட்டிய அந்த ஆசிரியர்தான் 1963-இல் ‘குறத்தி முடுக்கு’ என்ற குறுநாவலை எழுதினார். உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களின் சந்து அதன் களம். தமிழின் சிறந்த குறுநாவல்களைச் சொல்லச் சொன்னால் எவரும் அதை விடமாட்டார்கள். அதற்கு ‘கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கேள்வி போட்டுப் பார்த்தால், குறை நாவலில் இல்லை, கேள்வியில்தான் என்பது உடனே விளங்கிவிடும்.

1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்க நினைத்த ஆசிரியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் திருமணமாகிப் படிப்பை விட்ட பெண்களுக்கும் அச்சிட்ட பாடங்கள் தபாலில் வந்தன. பல்கலைக்கழகமே போட்டுத்தந்த நோட்ஸ் அவை. மூல நூலைத் தேடி அலைய வசதியில்லாதவருக்கு அந்தப் பாடக்கட்டே நூல். நகருக்குள் இருந்தவர்களுக்குப் புது மண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென எழுப்பிய அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின், பாத்திரம், வளையல், அவற்றோடு புத்தகக் கடைகள். ஜூன் மாதத்தில் கைடு கேட்டு நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு அங்கே சிற்பங்களை அண்ணாந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. கடைகள் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன.

கல்லூரி மாணவர் தயாரிக்கும் முறையில் மட்டும் பெரிய மாற்றமில்லை. முதல் வேலை, பழைய வினாத்தாள்களைத் திரட்டுவது. சீனியர்களிடம் இருக்கும், இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் இருக்கும். அவற்றை வரிசையாகப் பரப்பி, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு ஸ்டார் போடுவார்கள். ‘வாடிவாசல்’ என்றால் சுற்றிச் சுற்றி மூன்றே கேள்விதான் தேறும்: பிச்சியின் பாத்திரம், தலைப்பின் பொருத்தம், நாவல் காட்டும் சமூகம். மூன்றையும் தனித்தனியாகப் படிப்பது விவரமில்லாதவர் செய்வது. கெட்டிக்காரர் ஒரே விடையைத் தயாரிப்பார். முன்னுரையும் கதைச் சுருக்கமும் மூன்றுக்கும் பொது. பிச்சி நிதானமாகக் காத்திருப்பதைப் பாத்திரப் படைப்பில் ‘பொறுமை’ என்று எழுதலாம். தலைப்புக் கேள்வியில் ‘வாடிவாசல் ஓரமே கதை நகர்கிறது’ என்று திருப்பலாம். சமூகக் கேள்வியில் ‘மறவர் மரபு’ என்று போடலாம். சரக்கு ஒன்று, லேபிள் மூன்று. திருத்துகிறவரும் கட்டுக் கட்டாக விடைத்தாள் பார்க்கிறவர். அடிக்கோட்டில் கண்ணை ஓட்டி மதிப்பெண் போட்டுவிடுகிறார். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்பதுதான் கஷ்டம்.

அவனியாபுரத்திலோ பக்கத்துப் பெருங்குடியிலோ இருந்து படிக்கிற பிள்ளைக்கு இந்த நாவலில் ஒரு வசதி உண்டு. தை முதல் நாள் அவனியாபுரம்–திருப்பரங்குன்றம் சாலையிலேயே வாடிவாசல் எழும்பிவிடும். மறுநாள் பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர். திமிலும் தாவலும் சுற்றுமாடும் சென்னைப் பிள்ளைக்கு அடிக்குறிப்பு. இங்கே வீட்டுப் பேச்சு. செல்லப்பா எழுதிய வட்டார உரையாடல் இங்கே படிக்கிறவர் காதில் தானாக ஒலிக்கும்.

அந்த வசதியே காலையும் வாரும். இன்றைய அவனியாபுரத்தில் மாடுபிடி வீரர்கள் எண் போட்ட பனியனில் சுற்றுச் சுற்றாக இறங்குகிறார்கள். மருத்துவப் பரிசோதனை உண்டு, கால்நடை மருத்துவர் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, சிறந்த வீரருக்குக் கார் உண்டு. மாவட்ட நிர்வாகம் நடத்துகிற ஏற்பாடு. செல்லப்பா காட்டும் ஆட்டத்தில் ஜமீன்தார் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்; கொம்பில் கட்டிய பரிசைவிட அவர் மானம் கனமானது. காரியைப் பிடிப்பது ஜமீன்தாரைத் தொடுவது. பிச்சிக்கு அது தெரியும், கிழவனுக்குத் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். இன்றைய ஆட்டத்தைப் பார்த்த கண்ணோடு விடை எழுதினால் இந்த அச்சம் விடைக்குள் வராது.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். சட்டத் திருத்தம் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 5-இல் அவனியாபுரத்தில் காளைகள் ஓடின. 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்றது. இந்தக் கொந்தளிப்பில் ‘வாடிவாசல்’ பழையபடி பேச்சுக்கு வந்தது. என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-லேயே ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்திருந்தது. எல்லாம் நல்லதே. ஆனால் விடைத்தாளின் முன்னுரை இன்னும் நீண்டது. முல்லைக்கலியின் ஏறுதழுவுதலில் தொடங்கி மெரினா வழியாகப் பிச்சிக்கு வருவதற்குள் ஒரு பக்கம் போய்விடுகிறது. பண்பாட்டுப் பெருமைக்கான சான்றாக நாவல் நிற்க வேண்டியிருப்பதால், ஜமீன்தாரின் குண்டு முன்னைவிடவும் சங்கடமான பொருளாகிவிட்டது.

மாறுவதற்கான வாய்ப்பு வினாத்தாள் பக்கமிருந்து வருகிறது. அமெரிக்கன் கல்லூரி உள்ளிட்டவை 1978-இல் தன்னாட்சி பெற்றதிலிருந்து, பாடத்தையும் கேள்வியையும் துறையே வகுக்க வழி உண்டு. இப்போது பல கல்லூரிகளின் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் கே-1, கே-2 என்று ஓர் எண் இருக்கிறது. நினைவிலிருந்து எழுதுவது கே-1, பகுத்துப் பார்ப்பது கே-4, மதிப்பிடுவது கே-5. நடைமுறையில் ‘பாத்திரப் படைப்பை விளக்குக’ என்பதற்கே பக்கத்தில் பெரிய எண்ணைப் போட்டுவிடுவதும் நடக்கும். ஆனாலும் ‘காரியின் சாவுக்கு யார் பொறுப்பு? சான்று காட்டி எழுதுக’ என்று ஒரு துறை கேட்க நினைத்தால் கேட்கலாம், தடையில்லை. அப்படிக் கேட்டால் சுற்றில் இருக்கும் பிடிஎஃப் குறிப்புகளில் ஆயத்த உள்தலைப்பு கிடைக்காது. ஜமீன்தார் எங்கெங்கே தலைகாட்டுகிறார், கூட்டம் அவரைப் பார்த்து எப்போதெல்லாம் அடங்குகிறது, கிழவன் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறான் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஒரு ராத்திரி பிடிக்கும். கைடு படிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது.